மாதத்துக்கு இரண்டு நாள் மெக்கானிக்: ரிசர்வ் படையில் போர் விமானப் பராமரிப்பு

விமானப்படையில் இருபது வருடம் பிட்டராக இருந்துவிட்டு வந்து, சேலத்தில் வங்கி வாசலில் காவலராகவோ, பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் உதவியாளராகவோ, சங்ககிரி லாரிப் பட்டறையில் பங்குதாரராகவோ இருப்பவர்களைப் பார்க்கலாம். எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம், "இவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுவாங்களா?" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு எழும். கூப்பிடுவதற்குச் சட்டம் உண்டு. ஆனால் கூப்பிட்ட மறுநாள் காலையில் அவரிடம் ஒரு தேஜஸ் போர் விமானத்தின் சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்ல முடியாது. அவர் கை தொழிலை மறந்திருக்காது. அந்த விமானத்தின் பராமரிப்பு ஏட்டில் அவர் கையெழுத்துக்கு இன்று மதிப்பு இருக்காது. ரிசர்வ் மெக்கானிக், அதாவது வெளியே வேறு வேலையில் இருந்துகொண்டு படை கூப்பிடும்போது வரும் மெக்கானிக், அவர் வேலையின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இதை நடைமுறையில் தீர்த்து வைத்திருக்கும் நாடுகள் சில உண்டு. அமெரிக்க விமானப்படை ரிசர்வ் 1948 ஏப்ரலில் உருவானது. அங்கே ரிசர்வ் என்றால் பெயர்ப் பட்டியல் மட்டும் கிடையாது. பகுதி நேர வேலை. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. வருடத்தில் தொடர்ச்சியாக இரண்டு வாரம். ஒரு வாரக்கடைசியை நான்கு பயிற்சிப் பொழுதுகளாகக் கணக்கிடுகிறார்கள், ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு மணி நேரம். வருடத்துக்கு 48 பொழுது. இரண்டு வாரத்தையும் சேர்த்தால் நாற்பது நாளுக்கு ஒன்றிரண்டு குறையும். பிரிட்டனின் துணை விமானப்படையில் வருடத்துக்கு 27 நாள் என்பது வழக்கமான குறைந்தபட்சம். மற்ற நாட்களில் இவர்கள் விமான நிறுவனத்தில், கார் ஷோரூமில், தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். படை கூப்பிட்டுப் போய்விட்டு வந்தால் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1994இல் இயற்றிய சட்டம் முதலாளிகளைக் கட்டுப்படுத்துகிறது. மொத்தமாக ஐந்து வருடம் வரை அந்தப் பாதுகாப்பு உண்டு.

நாற்பது நாள் என்று கேட்கும்போது ஓரளவு போதும் போலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி கரைந்துவிடும். சனிக்கிழமை காலை வருகைப் பதிவு, மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, ரசாயன முகமூடி முகத்தில் சரியாக உட்காருகிறதா என்ற சோதனை, தீயணைப்பான் பயிற்சி, கணினியில் முடிக்க வேண்டிய பாடங்கள். உடற்தகுதித் தேர்வு வரும் மாதத்தில் அதுவும். விமானத்தில் கை வைக்கக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையின் சில மணி நேரம் என்ற வாரக்கடைசிகளும் உண்டு. அப்படியும் அந்தப் பிரிவுகள் விமானங்களைப் பறக்க வைக்கின்றன. இரண்டு காரணங்கள்.

முதலாவது, முழு நேர ஆட்கள். ரிசர்வ் பிரிவிலேயே வாரநாட்களில் சிவிலியன் ஊழியராகவும், பயிற்சி நாட்களில் அதே ஆள் சீருடையிலும் வேலை செய்யும் ஏற்பாடு ஒன்று 1958 முதல் இருக்கிறது. விமானத்தின் அன்றாட உடல்நிலை இவருக்குத்தான் தெரியும். எந்த விமானத்தில் எந்த வால்வு அடிக்கடி கசிகிறது, எந்த உதிரிபாகம் வரவேண்டியிருக்கிறது என்பதெல்லாம் இவர் தலையில் இருக்கும். வாரக்கடைசிக்கு வருபவர் இவருக்குக் கீழேதான் நிற்கிறார். இந்த ஆட்களை எடுத்துவிட்டால் அமெரிக்க ரிசர்வ் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பது என் கணிப்பு.

இரண்டாவது காரணம்தான் சுவையானது. விமானப் பராமரிப்பு என்ற தொழிலே, செய்பவர் மறந்துவிடுவார் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு கட்டப்பட்டது. நினைவிலிருந்து செய்யும் வேலை இங்கே தப்பு. எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும், அந்த வேலைக்குரிய பக்கம் திறந்து முன்னால் இருக்க வேண்டும். முழு நேர ஆளுக்கு இது எரிச்சலூட்டும் விதி. ரிசர்வ் ஆளுக்கு இதுதான் உயிர்நாடி.

கருவி, கம்பி, முறுக்கு

லாரிப் பட்டறையில் பதினாறாம் நம்பர் ஸ்பேனர் காணவில்லை என்றால் பக்கத்துப் பட்டறையில் வாங்கி வேலையை முடிப்பார்கள். விமானத் தளத்தில் ஸ்பேனர் காணவில்லை என்றால் விமானம் நிற்கும். ஒவ்வொரு கருவிக்கும் பெட்டிக்குள் அதன் வடிவத்திலேயே குழி வெட்டிய ஃபோம் இருக்கும்; கருவியில் பெட்டி எண் பொறித்திருக்கும்; எடுத்தவர் தன் பெயர் வில்லையைக் குழியில் வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். துடைக்கும் துணியைக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி உடைந்தால், உடைந்த துண்டையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கம்பி ஓடும் இடத்தில் விழுந்த ஒரு சின்ன பிட், விமானி குச்சியை இழுக்கும்போது புல்லியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் இந்தக் கெடுபிடி புரியும். ஜெட் இன்ஜினில் முன்பக்கம் வழியாக ஒரு நட்டு உள்ளே போனால், முதல் வரிசை பிளேடுகளில் கீறல் விழும். கீறலின் ஆழம், அது பிளேடின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், அல்லது இன்ஜினையே இறக்க வேண்டும். எவ்வளவு ஆழம் வரை தேய்க்கலாம் என்பது கையேட்டில் எண்ணாக இருக்கும். கண் அளவுக்கு அங்கே வேலையில்லை.

நட்டு கழன்றுவிடாமல் இருக்கப் போடும் லாக் வயர், புதிதாக வரும் எல்லோருடைய கையையும் கிழிக்கும். பொதுவாக 0.032 அங்குல, அதாவது 0.8 மில்லிமீட்டர், ஸ்டெயின்லெஸ் கம்பி. இரண்டு இழையாக முறுக்க வேண்டும், அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. கம்பியின் இழுவிசை எப்போதும் போல்ட்டை இறுக்கும் பக்கமே இருக்க வேண்டும். தவறான பக்கம் சுற்றினால் கம்பி இருந்தும் போல்ட் கழலும். முனையில் கால் முதல் அரை அங்குலம் வால் விட்டு, யார் கையிலும் குத்தாதபடி உள்ளே மடக்க வேண்டும். போல்ட்டுகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒரு கம்பியில் மூன்றுக்கு மேல் கோக்கக் கூடாது. ஒரு முறை கழற்றிய கம்பி குப்பைக்குத்தான். பிளையர் பல் பட்டு கம்பியில் வடு விழுந்திருந்தாலும் அப்படியே, ஏனென்றால் அதிர்வில் அந்த வடுவில்தான் முறியும். தீயணைப்பான் கைப்பிடி, அவசர சுவிட்ச் மாதிரியான இடங்களில் மட்டும் மெல்லிய செப்புக் கம்பி, ஒற்றை இழை. தேவைப்படும்போது இழுத்தால் அது அறுந்துவிட வேண்டும். அங்கே ஸ்டெயின்லெஸ் கம்பி போடுவது நல்ல எண்ணத்தில் செய்யும் ஆபத்தான வேலை.

ஆறு மாதம் கைவிட்டுப் போனவரின் லாக் வயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முறுக்கு ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருக்கும். அதனால்தான் நல்ல மேற்பார்வையாளர் வாரக்கடைசி ஆட்களை விமானத்துக்கு அனுப்பும் முன் வைஸில் மாட்டிய பழைய போல்ட்டுகளில் இரண்டு மூன்று போட்டுக் காட்டச் சொல்வார்.

குறித்த அளவு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் விஷயத்தில் பட்டறைப் பழக்கம் அதிகம் இடிக்கும். லாரி வீல் நட்டுக்கு ஸ்பேனரில் பைப் மாட்டி ஏறி மிதிப்பவர் கைக்கு, "போதும், நிறுத்து" என்று ஒரு கிளிக் சொல்வதைக் கேட்பது சிரமம். இதிலும் கணக்கு உண்டு. டார்க் ரெஞ்சின் நீளம் 250 மில்லிமீட்டர். நேரே எட்டாத நட்டுக்கு முனையில் 50 மில்லிமீட்டர் நீட்டிப்பு மாட்டுகிறோம். நட்டுக்கு வேண்டியது 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்சில் 30 வைத்தால் நட்டில் 36 விழும், இருபது சதவீதம் அதிகம். வேண்டிய அளவை 250ஆல் பெருக்கி 300ஆல் வகுத்து, 25 வைக்க வேண்டும். நீட்டிப்பை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் இந்தத் திருத்தம் தேவையில்லை. தானே பூட்டிக்கொள்ளும் நட்டாக இருந்தால், அது சும்மா ஓடும்போதே எவ்வளவு இறுக்கமாக ஓடுகிறது என்று முதலில் அளந்து, கையேடு சொல்லும்போது அதையும் கூட்ட வேண்டும். உலர்ந்த மரைக்குக் கொடுத்த எண்ணை எண்ணெய் போட்ட மரையில் வைத்தால் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். அன்று எதுவும் ஆகாது. பல நூறு மணி நேரம் பறந்த பிறகு விரிசல் விடும்.

பின் போடும் நட்டில் துளை நேரே வரவில்லை என்றால் சற்றே தளர்த்தி நேர் செய்வது லாரியில் சாதாரணம். விமானத்தில் தளர்த்தக் கூடாது. கொடுத்த எல்லையின் கீழ் அளவில் தொடங்கி, மேல் அளவுக்குள் துளை வருகிறதா பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் வாஷரை மாற்றி மறுபடியும் முதலிலிருந்து.

வாரநாள் கையும் வாரக்கடைசி கையும்

ரிசர்வ் மெக்கானிக்குக்கே உரிய தவறுகள் உண்டு. மறதியால் வருபவை அவற்றில் குறைவு. மற்ற ஐந்து நாள் செய்யும் வேலை கையில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஏடிஆர் 72 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஹைட்ராலிக் திரவம் பாஸ்பேட் எஸ்டர் வகை, இன்று கிடைப்பது பெரும்பாலும் ஊதா நிறம். பெரும்பாலான போர் விமானங்களிலும் படை ஹெலிகாப்டர்களிலும் ஓடுவது ஹைட்ரோகார்பன் வகை, சிவப்பு. இரண்டும் கலக்கவே கூடாது. சிவப்புத் திரவத்துக்குப் பொருந்தும் நைட்ரைல் ரப்பர் சீலை ஊதாத் திரவம் ஊதிப் பருக்க வைத்துக் கெடுத்துவிடும். ஊதாவுக்கென்று போட்ட எத்திலீன் புரோப்பிலீன் சீலைச் சிவப்பு கெடுக்கும். நிறைக்கும் குழாய், கேன், புனல்கூடத் தனித்தனி. சிவில் விமானத்தில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர் அரைத் தூக்கத்தில் தவறான கேனை எடுத்தால், கசிவு தெரிய நாட்கள் ஆகலாம். அதற்குள் திரவம் முழு அமைப்பிலும் ஓடியிருக்கும். எல்லாச் சீல்களையும் மாற்றி, குழாய்களைக் கழுவி எடுக்க வேண்டிய வேலை அது. அழுத்தம் இரண்டிலும் 3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் இருக்கும். ஊசித் துளையில் கசிவதைக் கை வைத்துத் தேடினால் திரவம் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் தேட வேண்டும்.

சக்கரத்தில் நிலைமை தலைகீழ். லாரிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் முன்னறிவு உண்டு. பழைய லாக் ரிங் டிஸ்கில் காற்றை இறக்காமல் கை வைத்து, ரிங் தெறித்து ஆள் போன கதைகள் நெடுஞ்சாலைப் பட்டறைகளில் புழங்குபவை. விமானச் சக்கரம் இரண்டு பாதிகளாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. லாரி டயரில் 110, 120 பி.எஸ்.ஐ. என்றால் போர் விமான டயரில் 200ஐத் தாண்டிப் போகும். உள்ளே இந்தப் போல்ட்டுகளில் சில முறிந்திருந்தால் வெளியில் தெரியாது. அச்சு நட்டை முழுவதும் கழற்றும்வரை அதுதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே காற்றை இறக்கிய பிறகுதான் அச்சு நட்டு. டயரில் நிறைப்பது நைட்ரஜன். ஆக்சிஜனோ ஈரமோ இருந்தால் சூடான பிரேக்கோடு சேர்ந்து தீப்பிடிக்கவும் உள்ளே அரிக்கவும் வழி. புதிதாக ஏற்றிய சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து நிறைப்பார்கள். அழுத்தம் பார்ப்பது டயர் ஆறிய பிறகு. இறங்கிய உடனே பார்த்து, அதிகம் இருக்கிறது என்று இறக்கிவிட்டால் ஆறியபின் குறைந்து போகும்.

தகடு வேலை தெரிந்தவர்களின் பிரச்சினை வேறு. பஸ் பாடி கட்டும் கைக்கு, தகட்டில் ஸ்கிரைபரால் கோடு போட்டு, மடக்கி, தட்டி எடுப்பது இயல்பு. விமானத் தோலாக வரும் 2024 அலுமினியக் கலவைத் தகட்டின் மேல் இரு பக்கமும் தூய அலுமினியம் மெல்லிதாகப் படிந்திருக்கும், ஒரு பக்கத்துக்கு மொத்தத் தடிமனில் 2.5 முதல் 5 சதவீதம். அரிப்பைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். ஒரு மில்லிமீட்டர் தகடு என்றால் அது 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. ஸ்கிரைபர் ஒரே இழுப்பில் அதைத் தாண்டிவிடும், கோடு விழுந்த இடத்திலிருந்து விரிசலும் தொடங்கும். சாதாரண பென்சில்கூடக் கூடாது, கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிக்கும். இன்ஜினின் சூடான பாகத்தில் பென்சில் குறி போட்டால் கரி உலோகத்துக்குள் இறங்கி அந்த இடத்தில் விரிசல் விடும். இரும்புக் கம்பளியால் தேய்ப்பதும் தடை. காட்மியம் பூசிய கருவியை டைட்டானியம் பாகத்தில் பயன்படுத்துவதும் தடை, டைட்டானியம் நொறுங்கும் தன்மை அடையும். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூரில் அலுமினியமாகிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே இந்த ஊர்க் கைகளுக்கு அந்த உலோகம் பழக்கம்தான். ஆனால் பாத்திரத்துக்கும் பஸ்ஸுக்கும் பழகிய கையை இங்கே ஓரளவு அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

இன்ஜின் எண்ணெய் விஷயம் சுருக்கமானது: நிறுத்திய பிறகு கையேடு சொல்லும் நேரத்துக்குள் அளவைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் எண்ணெய் தொட்டியிலிருந்து வேறு இடங்களுக்கு இறங்கி, குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மீறும். சோதனைக்கு எடுக்கும் மாதிரியும் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், ஏனென்றால் தேய்ந்து வந்த இரும்பு, செம்பு, வெள்ளித் துகள்கள் அடியில் படிந்துவிட்டால் ஆய்வில் இன்ஜின் ஆரோக்கியமாகத் தெரியும். திரவ ஆக்சிஜன் நிரப்புபவர் உடையில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்கக் கூடாது. மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் அந்தத் திரவம் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 860 லிட்டர் வாயு. எண்ணெயும் அதுவும் சேர்ந்தால் தீக்குச்சி தேவையில்லை.

ஞாயிறு மாலை

விபத்துக்கு வழி வைக்கும் நேரம் எது என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை மாலை என்று சொல்லலாம். வெள்ளி இரவு தன் வேலையை முடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்தவர், இரண்டு நாள் உழைத்து, வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பார். வேலை பாதியில் நிற்கும். திங்கள் காலை வருபவருக்கு எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும்.

இங்கேதான் ஏடு வருகிறது. இந்திய விமானப்படை பிரிட்டிஷ் வழக்கத்தைத் தொடர்ந்து ஃபார்ம் 700 என்ற ஏட்டை விமானத்துக்கு ஒன்று வைத்திருக்கிறது. பறக்கும் முன், இரண்டு பறப்புகளுக்கு நடுவில், பறந்து வந்த பின் என்று செய்யும் ஒவ்வொரு பார்வைக்கும் அதில் தனித்தனிக் கையெழுத்து. விமானியும் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டே விமானத்தை ஏற்றுக்கொள்வார். அமெரிக்கர்களின் ஏட்டில் சிவப்புக் குறிகள் மூன்று: பெருக்கல் குறி என்றால் பறக்கக் கூடாது; சாய்கோடு என்றால் குறை உண்டு, பறக்கலாம்; படுக்கைக் கோடு என்றால் செய்ய வேண்டிய ஒரு சோதனை பாக்கி, நிலை தெரியாது. ஒரு பாகத்தைக் கழற்றும் முன்பே பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும். கழற்றாமல் ஒரு போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தியிருந்தாலும் எழுத வேண்டும். "வெறும் தளர்த்தல்தானே" என்று எழுதாமல் விட்டதால்தான், மூடிய பலகைக்குப் பின்னால் கையால் மட்டும் முடுக்கிய நட்டுகள் பறந்திருக்கின்றன. கட்டுப்பாட்டுக் கம்பி, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் இணைப்பு மாதிரி உயிர்நிலையான இடங்களில் செய்தவர் தவிர இன்னொருவரும் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டாம் கையெழுத்துக்குரிய ஆட்கள் பட்டியல் தனியே இருக்கும். எல்லா ரிசர்வ் ஆட்களும் அதில் இருக்க மாட்டார்கள். இருந்தவர் குறித்த காலத்துக்குள் மறுதேர்ச்சி காட்டாவிட்டால் பெயர் போய்விடும்.

விமானம் உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் நிற்பதும் மறந்துபோகும் திறமைதான். ஓடும் ஜெட் இன்ஜினின் முன்வாய் ஆளை இழுக்கும் எல்லை, பின்னால் வெப்பக்காற்றின் எல்லை, ஆபத்தில் விமானியை வெளியே எறியும் எஜெக்ஷன் சீட்டின் பாதுகாப்பு பின்கள் எத்தனை, எண்ணி எடுத்த பின்னை எண்ணி விமானிக்குக் காட்டுவது. தேஜஸில் இருப்பது பூஜ்ய உயரத்திலும் பூஜ்ய வேகத்திலும் ஆளைத் தூக்கி எறியக்கூடிய மார்ட்டின் பேக்கர் சீட். தரையில் நிற்கிறதே என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. நீண்ட இடைவெளிக்குப் பின் வருபவரை முதலில் இழுவை வண்டிக் குழுவில் இறக்கை ஓரத்தில் நடக்கவும், பலகைகள் கழற்றவும், சக்கரம் மாற்ற உதவவும் விடுவதற்குக் காரணம் அவமதிப்பில்லை. மறுபடி விமானத்தின் அளவு கண்ணுக்குள் வரவேண்டும்.

நம் பக்கம்

இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டம் மூன்று கிளைகளைச் சொல்கிறது: பணி முடித்தவர்களைக் கொண்ட வழக்கமான ரிசர்வ், சிவில் துறையில் தகுதி உள்ளவர்களைக் கொண்ட வான் பாதுகாப்பு ரிசர்வ், பகுதி நேரமாகப் பறக்கும் துணை விமானப்படை. மூன்றாவது கிளை 1950களில் உண்மையிலேயே இயங்கியது. டில்லி, பம்பாய், சென்னை போன்ற நகரங்களில் துணை ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், இருந்தன. பிறகு அவை முழு நேரப் படைக்குள் கலந்துவிட்டன. முதல் கிளையில், ஒரு காலத்தில் ஏர்மேன் (அதிகாரி அல்லாத விமானப்படை வீரர்) சேரும்போதே 9 வருடப் பணி, 6 வருட ரிசர்வ் என்று ஒப்புக்கொள்வார்; இரண்டும் சேர்ந்த 15 வருடத்தை வைத்து ரிசர்விஸ்ட் பென்ஷன். பின்னாளில் தொடக்க ஒப்பந்தமே 20 வருடமானது. அவ்வளவு காலம் ஒரே ஆள் உள்ளே இருந்தால் வெளியே ரிசர்வ் எதற்கு என்ற எண்ணம் படைக்கு வந்ததில் தப்பில்லை. அமெரிக்கா மாதம் இரண்டு நாளில் செய்வதை நாம் இருபது வருடத் தொடர் பணியால் செய்தோம்.

2022 ஜூன் 14இல் அறிவித்த அக்னிபத் திட்டம் இந்தக் கணக்கைக் கலைத்திருக்கிறது. அதன்படி விமானப்படையில் அக்னிவீர் வாயுவாகச் சேர்பவருக்கு நான்கு வருடம். முடிவில் ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரமாவார்கள். 2022 இறுதியில் பயிற்சியைத் தொடங்கிய முதல் அணிக்கு நான்கு வருடம் 2026 இறுதியில் முடிகிறது. அடிப்படைப் பயிற்சி, தொழிற்பயிற்சி இரண்டையும் கழித்துப் பார்த்தால், தனியாக நின்று வேலை செய்யப் பக்குவம் வரும் கட்டத்தில் ஒருவர் வெளியே வருகிறார். நான்கில் மூன்று பேர். இவர்களை மாதம் இரண்டு நாளாவது சூலூர் தளத்திலோ தஞ்சாவூர் தளத்திலோ விமானத்தோடு தொடர்பில் வைக்கும் ஏற்பாடு இருந்தால் அது ஒரு ரிசர்வ். இல்லையென்றால் 1952இன் சட்டம் பெயர்ப் பட்டியலுக்கு மேல் எதையும் தராது. ஆட்கள் இங்கே ஒருபோதும் பற்றாக்குறை இல்லை. முழு நேரமாக நின்று பகுதி நேர ஆட்களின் கையெழுத்தை உயிரோடு வைத்திருக்கும் அந்த நடு அடுக்குதான் இல்லை, அதற்குப் பணமும் பதவிகளும் ஒதுக்க வேண்டும்.

சேலத்துக்கு இதில் இடம் உண்டு. மேற்கே சூலூரில் 5ஆம் தளப் பழுதுபார்ப்பு நிலையம் இருக்கிறது. 2020 மே மாதம் 18ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸுடன் செயல்பாட்டுக்கு வந்ததும் அங்கேதான். தஞ்சாவூரில் அதே வருடம் ஜனவரியில் சுகோய் 30 விமானங்களோடு 222ஆம் ஸ்குவாட்ரன் வந்தது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. வழித்தடம் என்ற சொல்லுக்குப் பின்னால் சிறு லேத் பட்டறைக்கு இதுவரை எவ்வளவு ஆர்டர் வந்தது என்பது வேறு பேச்சு.

சேர நினைக்கும் பையன்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், ஆங்கிலத்துடன் 50 சதவீதம், அல்லது மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் போன்ற பிரிவில் மூன்று வருட டிப்ளமோ 50 சதவீதத்துடன், ஆங்கிலத்திலும் 50 சதவீதம் என்பதுதான் விமானப்படைத் தேர்வின் அறிவியல் பிரிவுக்கான முக்கிய வழி. ஐ.டி.ஐ. சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த வழியில் போக முடியாது. வீட்டில் ஐ.டி.ஐ. முடித்த தம்பியிடம் "ஏர்ஃபோர்ஸ்ல மெக்கானிக்கா எடுப்பாங்கடா" என்று சொல்லி ஒரு வருடத்தை வீணாக்கும் அண்ணன்கள் இதை முதலில் விளம்பரத்தில் படித்துப் பார்க்கலாம்.

வெளியே வருபவர்கள் கவனிக்க வேண்டியது காகிதம். சிவில் விமானப் பராமரிப்பு உரிமத்துக்கு உரியவை சி.ஏ.ஆர். 66 என்ற அரசு விதிகள். படை விமானத்தில் பெற்ற அனுபவத்தை அவை கணக்கில் எடுக்கும், ஆனால் சிவில் விமானத்திலும் கூடுதலாகச் சில காலம் கேட்கும், தேர்வுத் தாள்களையும் தனியாக எழுத வேண்டும். அந்த அனுபவத்தை நிரூபிக்க "விமானப்படையில் நான்கு வருடம்" என்ற விடுவிப்புச் சான்று போதாது. எந்த விமான வகை, எந்த இன்ஜின், பறப்புத் தளத்திலா பழுதுபார்க்கும் பிரிவிலா, எந்தப் பாகங்களில் எத்தனை மாதம், என்னென்ன வகைப் படிப்புகள் முடித்தது, எந்த வேலைகளுக்குத் தனிக் கையெழுத்து அதிகாரம் இருந்தது என்பதெல்லாம் எழுத்தில், பொறியியல் அதிகாரியின் கையெழுத்து முத்திரையோடு, பிரிவை விட்டு வரும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார், ஸ்குவாட்ரனே வேறு தளத்துக்கு நகர்ந்திருக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் விடுப்பு எண்ணுவதோடு இதற்கும் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.